பேய்க்குப் பயமில்லை, பிள்ளை வளர்வதற்குத்தான் பயம்!

டி.வி.யில் பேய்ப் படம் போட்டால் குடும்பமே கூடி உட்கார்ந்து பார்க்கிறோம். சின்னது மடியில், பெரியது போர்வைக்குள், நடுவில் முறுக்குத் தட்டு. ஆனால் பதினைந்து வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ முதன் முதலாக மனசு சலனப்படுகிற மாதிரி ஒரு படம் வந்துவிட்டால் போதும், "ரிமோட் எங்கே, ரிமோட் எங்கே" என்று தேட ஆரம்பித்து விடுகிறோம்! ரத்தம் கொட்டுகிற காட்சிக்கு மாறாத சேனல், ஒரு பெண் கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் தானே பார்த்துக் கொள்கிற காட்சிக்கு மாறிவிடுகிறது. இது என்ன நியாயம் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா, சகோதரிகளே?

நான் சினிமா விமர்சகி இல்லை. திருமுல்லைவாயிலில் குடும்பம் நடத்திக் கொண்டு, வேலை ஒழிந்த நேரத்தில் படம் பார்க்கிற சாதாரண இல்லத்தரசி. முன்பெல்லாம் படம் என்றால் அம்பத்தூருக்கோ ஆவடிக்கோ பஸ் ஏற வேண்டும். எந்தப் படத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது என்று வீட்டில் ஒரு பேச்சாவது நடக்கும். இப்போது தியேட்டரே பிள்ளைகள் கைக்குள் வந்துவிட்டது. அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் மனம் விட்டுப் பேசலாம் என்று தோன்றியது.

பேய் ஏன் எப்போதும் பெண்ணாகவே இருக்கிறது?

எனக்குப் பிடித்த பழைய பேய்ப் படங்களில் ஒன்று 'யார் நீ' (1966). வெள்ளைப் புடவையில் ஜெயலலிதா வந்து நின்றாலே சிலிர்க்கும். கடைசியில் பார்த்தால் பேயே கிடையாது, சொத்துக்காக மனிதர்கள் ஆடிய நாடகம்! பிறகு 1978-ல் 'ஆயிரம் ஜென்மங்கள்' வந்தது. ரஜினிகாந்த்தின் தங்கையாக வரும் லதாவின் உடம்புக்குள் ஆவி புகுந்து கொள்ளும். இன்றைய தலைமுறைக்கு 'காஞ்சனா' (2011). பேய்க்குப் பயந்து அம்மாவைக் கட்டிக் கொண்டு தூங்கும் வளர்ந்த பிள்ளையைப் பார்த்துக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன.

2009-ல் இரண்டு நல்ல படங்கள். 'யாவரும் நலம்' படத்தில் மாதவனின் குடும்பம் கடன் வாங்கிப் புது ஃபிளாட்டுக்குக் குடி போகிறது. அந்த வீட்டுப் பெண்கள் தினமும் மத்தியானம் பார்க்கிற டி.வி. தொடரில் நடப்பதெல்லாம் இவர்கள் வீட்டிலும் நடக்கிறது. ஃபிளாட், மாதத் தவணை, சீரியல்... எல்லாம் நம்ம வீட்டுச் சமாசாரம் அல்லவா, பயம் இரண்டு மடங்கு! இன்னொன்று 'ஈரம்'. அதில் ஒரு பெண் சந்தேகத்துக்குப் பலியாகிறாள். அக்கம் பக்கத்தார் வாய்க்கு வந்தபடி பேசிய பேச்சு அவள் உயிருக்கு உலை வைக்கிறது. அப்புறம் தண்ணீரின் வழியாக அவள் திரும்பி வருகிறாள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு மாடிப்படியில் நின்று ஊர் வம்பு பேசவே எனக்கு நாக்கு எழவில்லை.

இத்தனை படங்களையும் பார்த்தபின் எனக்கு ஒன்று புரிந்தது. நம்ம சினிமாப் பேய்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். உயிரோடு இருந்தவரை அவள் சொன்னதை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. செத்த பிறகுதான் வீடே நடுங்குகிற மாதிரிப் பேசுகிறாள். உயிரோடு இருக்கும்போதே கேட்டிருந்தால் அவள் பேயாக வந்திருக்கவே வேண்டாமே!

பேயா, நோயா?

'சந்திரமுகி'யை (2005) எத்தனை முறை போட்டாலும் நம் வீடுகளில் பார்க்கிறோம். ஆனால் அது பேய்ப் படமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஜோதிகாவின் மேல் எந்த ஆவியும் ஏறவில்லை. அந்தப் பெண்ணுக்கு மனசில் வந்த நோய் அது. கண்டுபிடிக்கிறவர் மனநல டாக்டர்.

இந்தக் கதைக்கு மூலம் 1993-ல் ஃபாசில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்' என்ற மலையாளப் படம். அதில் வரும் கங்காவைச் சின்ன வயதில் பாட்டியிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் தூர தேசத்தில் இருக்கிறார்கள். பிறகு ஒரு நாள் திடீரென்று வந்து அழைத்துப் போகப் பார்க்கிறார்கள். அன்று அந்தப் பெண் மனசில் விழுந்த கீறல், கல்யாணமான பிறகு பூட்டிய அறையைத் திறந்ததும் பெரிதாக வெடிக்கிறது. பயங்கரப் படம் என்று நாம் நினைத்தது, அடிப்படையில் ஒரு பெண் குழந்தை வளர்ந்த கதைதான்!

படத்தில் சாமியாரும் டாக்டரும் சேர்ந்து வேலை செய்வதும் எனக்குப் பிடிக்கும். விபூதி பூசுவதையோ, தர்காவில் ஓதி வருவதையோ குறை சொல்ல மாட்டேன். ஆறுதல் எங்கிருந்து வந்தாலும் நல்லதுதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் என்ன ஆகும்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் கருகிப் போனார்கள். அவர்களும் யாரோ ஒருவரின் மகள், யாரோ ஒருவரின் மகன். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது குற்றம் என்று 2017-ல் வந்த மனநலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

நம்ம பக்கத்திலேயே கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் சினிமா காமெடியில் 'கீழ்ப்பாக்கம்' என்ற பெயரைச் சொல்லிச் சொல்லியே கேலிப் பொருளாக்கி விட்டார்கள். அந்தக் கேலிக்குச் சிரித்த அதே வாயால், "பொண்ணை அங்கே கூட்டிட்டுப் போலாமா?" என்று கேட்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

வயசுக்கு வந்த பெண் வாரக் கணக்கில் தூங்காமல் இருந்தால், சாப்பாட்டை ஒதுக்கினால், பள்ளிக்கூடம் போக மறுத்தால், யாருக்கும் கேட்காத குரல் தனக்குக் கேட்கிறது என்றால், செத்துப் போவதைப் பற்றிப் பேசினால் டாக்டரிடம் காட்டத் தயங்கவே கூடாது. எப்போதும் சோர்ந்து கிடந்தால் ரத்தசோகையா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமா? 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' சேவை இரவு பகலாக இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

சேனலை மாற்றுகிற படங்கள்

'சந்திரமுகி'யை எடுத்த பி. வாசுவே, அதற்கு 24 வருஷம் முன்னால் சந்தானபாரதியோடு சேர்ந்து 'பன்னீர் புஷ்பங்கள்' (1981) எடுத்தார். ஊட்டியில் படிக்கும் ஒரு பையன், ஒரு பெண், அவர்களுக்குள் அரும்பும் அன்பு. அதில் எனக்குப் பிடித்தது பிரதாப் போத்தன் செய்த ஆசிரியர் வேடம். பிள்ளைகள் ஓடிப் போய்ப் பேசுவதற்கென்று ஒரு பெரியவர். நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒருவர் இருக்கிறாரா?

பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' (1979) மூன்று கிராமத்துப் பையன்களின் கதை. ஊருக்குப் புதிதாக வரும் டீச்சராக ஷோபா. விளையாட்டும் விடலைத்தனமும் ஒரு நண்பனின் சாவோடு முடிந்து போகின்றன. ஆண் பிள்ளையைப் பெற்றவர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய படம். 'பசங்க' (2009) இன்னும் சின்னப் பிள்ளைகளைப் பற்றியது. வீட்டில் அப்பாவும் அம்மாவும் போடும் சண்டை பிள்ளையின் மனசில் எப்படி இறங்குகிறது என்று அந்தப் படம் காட்டியபோது, என் பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்ளவில்லை!

ஆனால் ஒரு குறை. வளரும் பருவத்தைச் சொல்லும் படங்களில் பையன் கதைதான் அதிகம். பெண் பிள்ளை வளர்ந்தால் அவளை உடனே கதாநாயகி ஆக்கி விடுகிறார்கள். '16 வயதினிலே' (1977) மயில் மாதிரி அபூர்வமாகத்தான் ஒருத்தி கிடைக்கிறாள். டீச்சராக வேண்டும் என்று கனவு காணும் பெண், பட்டணத்திலிருந்து வந்த டாக்டரை நம்பி ஏமாறுகிறாள். "எனக்கு இப்படித் தோணுது" என்று வாய்விட்டுச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு வீட்டில் ஒரு இடம் இருந்ததா? அந்தப் படம் வெளிவந்தபோது ஸ்ரீதேவிக்கு வயது பதினான்குதான் என்பதை நினைத்தால் இப்போதும் மனசை என்னவோ செய்கிறது.

2025-ல் வர்ஷா பரத் என்ற பெண் டைரக்டர் 'பேட் கேர்ள்' என்று ஒரு படம் எடுத்தார். ஒரு பெண்ணின் பள்ளிப் பருவத்திலிருந்து ஆரம்பித்து, அவளுக்கும் அம்மாவுக்கும் நடக்கும் மல்லுக்கட்டைச் சொல்கிற படம். முன்னோட்டம் வந்தபோதே பெரிய சர்ச்சை கிளம்பியது. அதில் வருவதையெல்லாம் ஒப்புக் கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் சில இடங்கள் உறுத்தத்தான் செய்யும். ஆனால் பேய் கழுத்தைத் திருகும்போது வராத கோபம், ஒரு பெண் தன் ஆசையைச் சொல்லும்போது மட்டும் இவ்வளவு ஏன் வருகிறது?

வீட்டில் என்ன செய்யலாம்?

எங்கள் ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயில் தல புராணத்தைக் கேட்டிருக்கிறீர்களா? தொண்டைமானின் யானைக் காலை முல்லைக் கொடி சுற்றிக் கொண்டதாம். வாளால் வெட்டினால் ரத்தம் பீறிட்டு வந்ததாம். பதறிப் போய் விலக்கிப் பார்த்தால் உள்ளே சிவலிங்கம்! ரத்தம் வருகிற கதைதான். ஆனாலும் பாட்டி சொல்லக் கேட்ட குழந்தை ராத்திரி அலறுவதில்லை. ஏனென்றால் சொல்கிறவர் மடியில் உட்கார்ந்து கேட்டது. பயந்தால் பாட்டி நிறுத்துவாள். கேள்வி கேட்டால் பதில் சொல்வாள். செல்போன் இதையெல்லாம் செய்யாது.

ஆகவே முதல் யோசனை, எந்தப் படமானாலும் பக்கத்தில் இருங்கள். ஆறேழு வயதுக் குழந்தைக்குப் பேய்ப் படம் வேண்டவே வேண்டாம். "அதெல்லாம் பொய்" என்று பகலில் வாயால் சொல்லும், ராத்திரி இருட்டில் அது நினைவுக்கு வராது. கொஞ்சம் பெரிய பிள்ளை பயந்தால் சத்தத்தை முழுக்கக் குறைத்து விட்டு அதே காட்சியைத் திரும்பக் காட்டுங்கள். பாதி பயம் பறந்து போகும். பேயின் பலமே அந்தப் பின்னணி இசையில்தான் இருக்கிறது! "சாப்பிடலைன்னா பேய் வரும்" என்று சொல்லிச் சோறு ஊட்டும் பழக்கத்தையும் விட்டு விடுங்கள்.

இரண்டாவது, சர்டிபிகேட்டைப் பாருங்கள். 1983 முதல் 'யு'வுக்கும் 'ஏ'வுக்கும் நடுவே 'யு/ஏ' என்று ஒன்று இருந்தது. 2024 முதல் அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பெற்றோர் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் செலவழித்தால் போதும்.

மூன்றாவது, அந்த 'மாற்றுகிற' படம் வந்தால் பிள்ளையின் வயதுக்கு ஏற்றதுதானா என்று பாருங்கள். ஏற்றது என்றால் ரிமோட்டைக் கீழே வையுங்கள். உபதேசம் வேண்டாம். "அந்தப் பொண்ணு அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம் இல்லே?" என்று மட்டும் கேட்டு விட்டுக் கீரை ஆய்ந்து கொண்டே இருங்கள். முகத்துக்கு நேரே பார்த்துக் கேட்டால் பேசாத பிள்ளை, கை வேலையாக இருக்கும் அம்மாவிடம் தானாகவே பேசும். முதல் நாள் பேசாவிட்டாலும் நாலாம் நாள் பேசும். அப்போது "இந்த வயசில் உனக்கு என்ன..." என்று மட்டும் ஆரம்பித்து விடாதீர்கள்.

பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால் மேலூர் திருவுடை அம்மன், திருவொற்றியூர் வடிவுடை அம்மன், எங்கள் ஊர் கொடியிடை அம்மன் என்று மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் தரிசிக்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். பாதிப் பேரின் வேண்டுதல் "என் பொண்ணு நல்லபடியா வளரணும், தாயே" என்பதுதான். அம்மனிடம் மனசைத் திறந்து சொல்லும் நாம், அந்தப் பெண்ணிடமும் கொஞ்சம் பேசலாம் அல்லவா? அவள் சொல்வதையும் கொஞ்சம் கேட்கலாம் அல்லவா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன படம் போடுகிறார்கள் என்று பாருங்கள். பேய்ப் படமானால் சத்தத்தைக் குறையுங்கள். வளரும் பிள்ளைகளின் படமானால் உங்கள் காதைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்!