ஐடிலிங்கில் உதறும் கார்: பழி ஃபில்டர் மேல், குற்றம் யார் மேல்?

ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் கோலார் தங்கவயலில் வெளியே நிறுத்திய கார் தன் சொந்த நிறத்தில் இருப்பது கஷ்டம். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்து இறங்கியது முதல் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய பாறை மாவு இன்னும் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. சயனைடு மலை என்று ஊரில் சொல்வார்கள். காற்றடித்தால் அந்தத் தூசு வீடு, வாசல், பானெட் என்று பார்க்காமல் படியும். அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி நிற்கும்போது உதறினாலோ மைலேஜ் குறைந்தாலோ, "ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும்பா, மாத்திடு" என்பதே முதல் தீர்ப்பு.

தீர்ப்பு சரிதானா? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் இதைச் சோதித்தது. பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சும் நவீனக் கார்களில் ஏர் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துப் பார்த்தார்கள். பிக்-அப் குறைந்தது. மைலேஜில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. உள்ளே வரும் காற்று குறைந்தால் கணினி பெட்ரோலையும் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது? கார்புரேட்டர் காலத்திலிருந்து. கார்புரேட்டருக்குக் காற்றை நிறுத்துப் பார்க்கத் தெரியாது. தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் டியூன் செய்த பழைய கார்புரேட்டர் வண்டி மலையேறி இங்கே வந்தால், காற்று மெலிந்திருக்கும், பெட்ரோல் மிஞ்சும், பிளக் கருக்கும். அடைத்த ஃபில்டரும் அதே வேலையைச் செய்யும். அன்றைக்கு அந்தத் தீர்ப்பு சரி. வண்டி மாறிவிட்டது, தீர்ப்புதான் மாறவில்லை.

இன்றைய வண்டியின் கணக்கு இது: ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று எவ்வளவு என்பதைச் சென்சார் சொல்லும், அதற்கேற்ற பெட்ரோலைக் கணினி அனுப்பும். எரிந்த பிறகு சைலன்சர் பாதையில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், மிச்சம் எவ்வளவு ஆக்சிஜன் என்று பார்த்துத் தகவல் தரும். மிச்சம் அதிகம் என்றால் பெட்ரோலைக் கூட்டு, இல்லை என்றால் குறை. நொடிக்கு நொடி இந்தத் திருத்தம் நடந்துகொண்டே இருக்கும்.

ஐடிலிங்கில் இந்தக் கணக்கு கத்திமேல் நடப்பது போன்றது. மூன்று சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் நொடிக்கு 20 முறை தீப்பொறி பற்றவேண்டும். த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். ஓர் இடுக்கு வழியாகத்தான் காற்று நுழையும். அந்த இடுக்கில் கார்பன் படிந்தாலே இன்ஜின் திணறும். வேகமாகப் போகும்போது தெரியாத குறை, நிற்கும்போது ஸ்டீயரிங்கில் உதறலாகத் தெரிவது இதனால்தான்.

இனி கவனிக்க வேண்டிய இடம். ஒரு சிலிண்டரில் பிளக்கோ காயிலோ பழுதாகி மிஸ்ஸிங் ஆகிறது என்று வையுங்கள். அந்தச் சிலிண்டருக்குள் போன காற்று எரியாமல் அப்படியே வெளியே வரும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து, "காற்று மிஞ்சுகிறது, பெட்ரோல் போதவில்லை" என்று தப்பாகப் புரிந்துகொள்ளும். கணினி அதை நம்பி, ஒழுங்காக வேலை செய்யும் சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைக் கூட்டும். உதறலும் மைலேஜ் குறைவும் இரண்டு நோய் மாதிரி தெரிந்தாலும் வேர் ஒன்றாகவே இருக்கலாம்.

அடுத்த சந்தேகம் காற்றுக் கசிவு. சுரங்கத்தில் வேலை பார்த்த வீட்டுக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமானது. அந்த ஆழத்துக்குக் காற்றைக் கொண்டுபோகும் வழியில் ஒரு கதவு சரியாக மூடாவிட்டால், காற்று குறுக்கே புகுந்து திரும்பிவிடும். மேலே போட்ட கணக்கு கீழே பொய்க்கும். இன்ஜினிலும் வெடித்த ரப்பர் ஹோஸ், இறுகிப்போன கேஸ்கெட் வழியாகச் சென்சாருக்குத் தெரியாமல் காற்று புகும். காற்றின் எடையை அளக்கும் சென்சார் உள்ள வண்டியில் இது உதறலாக வெளிப்படும். மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் வண்டியில் ஐடிலிங் வேகமே ஏறிப்போகலாம்.

மூன்றாவது, சூடு. குளிர்ந்த இன்ஜினுக்குக் கணினி கூடுதல் பெட்ரோல் தரும். வண்டி ஓவர்ஹீட் ஆகாமல் இருக்கட்டும் என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிப்போடும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. அந்த வண்டி, முக்கியமாக மார்கழிக் காலையில், உரிய சூட்டுக்கு வரவே நெடுநேரம் ஆகும். அதுவரை தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். சூட்டை அளக்கும் சென்சார் பழுதானாலும் இதே கதைதான்.

ஆக, பாகம் மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்கவேண்டும். முதலில் மைலேஜையே சரியாக அளக்கலாம்: டேங்கை நிரப்பி, ஓட்டி, அதே பங்கில் மறுபடி நிரப்புவது. டயரில் காற்றும், ஓட்டி நிறுத்தியபின் சக்கரம் கொதிக்கிறதா என்றும் பார்த்துவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும் சந்தேகம் தீரும். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் இருப்பதையும் மறக்கக்கூடாது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு; எத்தனாலே கலக்காத பெட்ரோலுடன் ஒப்பிட்டால் ஆறேழு சதவீதம் குறைவது வண்டியின் குற்றமல்ல.

பிறகு ஸ்கேனர். அதில் பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியானால், இரண்டாவதின் காயிலை முதலாவதற்கு மாற்றிப் போடுங்கள். கோடு பி0301 ஆனால் காயில்தான் திருடன். இடம் மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேடலாம். கோடே இல்லாவிட்டாலும் 'ஃப்யூயல் டிரிம்' என்ற எண் பேசும். கணினி எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. பத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஐடிலிங்கில் இருபதைத் தாண்டி, 2500 சுற்றில் இறங்கிவிட்டால் காற்றுக் கசிவைச் சந்தேகிக்கலாம். ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஏறினால் பெட்ரோல் பம்ப் பக்கம் போகலாம். ஆர்.பி.எம். முள் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் நடுங்கினால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் செத்திருக்கும்.

தூசுக்கு முழு விடுதலை கொடுத்துவிட்டோமா? இல்லை. அதன் குற்றம் வேறு. தங்கவயலின் தங்கம் குவார்ட்ஸ் பாறையில் இருந்தது. அரைத்துக் கொட்டிய மாவிலும் அந்தக் குவார்ட்ஸ் உண்டு. இரும்பைக் கீறக்கூடிய கடினம் அதற்கு. ஃபில்டர் அடைத்திருந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள். பயப்படவேண்டியது, கம்ப்ரசர் காற்றை ஓங்கி அடித்துச் சுத்தம் செய்ததில் கிழிந்துபோன ஃபில்டருக்கும், சரியாக உட்காராத மூடிக்கும்தான். அந்த வழியாகப் போன தூசு பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும், கம்ப்ரஷன் இறங்கும். அந்த உதறலுக்குப் பிளக் மாற்றியும் பயனில்லை, இன்ஜினைப் பிரிக்கவேண்டும்.

பழைய கார் பார்க்கப் போகிறவர் இதையெல்லாம் ஒரே தடவையில் சோதிக்க முடியாது. ஆனால் சாவி போடுமுன் பானெட்டில் கை வைத்துப் பார்க்கலாம். தேய்ந்த ரிங்கும் சோர்ந்த பிளக்கும் ஆறிய இன்ஜினில்தான் அதிகம் முனகும். சூடேறினால் பல குறைகள் அடங்கிவிடும். நீங்கள் வரும் முன்பே பானெட் சுட்டால், "நாளைக்குக் காலையில வர்றேங்க, ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.