நாடு மாறும் தையல் இயந்திரம்

உலகப் பொருளாதாரம் நீண்ட காலத்தில் எவ்வாறு இடம் மாறுகிறது என்பதை அறிய, தையல் வேலை கடந்த நூறு ஆண்டுகளில் எந்தெந்த நாடுகளுக்குப் போனது என்று பார்த்தாலே போதும். உயர்தரத்தில் பொருளியல் கற்கும் எனக்கு, வர்த்தகம், கூலி, அபிவிருத்தி என்று தனித்தனியாகப் படித்த அலகுகள் ஒன்றோடொன்று பொருந்தியது இந்த வரலாற்றில்தான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகப் பருத்தித் துணிச் சந்தை பிரித்தானியாவின் கையில் இருந்தது. 1930களில் கூலி குறைந்த ஜப்பான் அந்த இடத்தைப் பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜப்பானிலும் கூலி உயர, ஆடை தைக்கும் வேலை ஹொங்கொங், தாய்வான், தென்கொரியா ஆகியவற்றுக்குச் சென்றது. அங்கும் கூலி உயர்ந்தபோது தெற்காசியாவுக்கு வந்தது.

ஆடைத் தொழில் ஏன் இப்படி அலைகிறது? துணி மென்மையானது. அதைப் பிடித்து, மடித்து, ஊசியின் கீழ் நகர்த்தும் வேலையைப் பெரும்பாலும் இன்றும் மனிதக் கைகளே செய்கின்றன. ஆகவே கூலி சற்றுக் கூடினாலும் உற்பத்திச் செலவு கூடிவிடும். தையல் இயந்திரத்தையோ வேறு நாட்டுக்குக் கொண்டு செல்வது இலகு. அதில் வேலை பழகச் சில மாதங்கள் போதும். இதனால்தான் கைத்தொழிலில் கால் வைக்கும் வளர்முக நாடுகள் பலவற்றுக்கு இதுவே முதற்படியாக அமைகிறது.

கூலியோடு இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1974இல் நடைமுறைக்கு வந்த பல்நூலிழை உடன்படிக்கையின் கீழ், செல்வந்த நாடுகள் தமக்கு எந்த நாடு எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று கோட்டா விதித்தன. தென்கொரியாவுக்கு இது பெரும் தடையாயிற்று. அப்போது பங்களாதேஷுக்கு அத்தகைய தடை இருக்கவில்லை. ஆகவே கொரியாவின் டேவூ நிறுவனம் 1978இல் பங்களாதேஷின் தேஷ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, 130 பேரைக் கொரியாவுக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தது. அவர்களில் பெரும்பாலானோர் பின்னர் தேஷை விட்டு விலகி, தாமே தொழிற்சாலை தொடங்கினர் அல்லது வேறு தொழிற்சாலைகளில் சேர்ந்தனர். இன்று பங்களாதேஷின் ஏற்றுமதி வருமானத்தில் 80 வீதத்துக்கும் அதிகமானது ஆடைகளிலிருந்தே கிடைக்கிறது. அந்த 130 பேரும் கொண்டு வந்த தொழிலறிவு, வந்திறங்கிய இயந்திரங்களை விடப் பெறுமதியானது.

இலங்கையின் கதையும் இதே காலத்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் உருவானது. நமக்குக் கிடைத்த கோட்டாவைத் தேடி வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வந்தார்கள். 1992இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் இந்த வேலையைக் கிராமங்களுக்கும் கொண்டு சென்றது. தேயிலையை நம்பியிருந்த நாட்டின் முதன்மை ஏற்றுமதிப் பொருளாக ஆடை மாறியது.

2005 ஜனவரி 1ஆம் திகதி கோட்டா முறை முற்றாக முடிவுற்றது. சீனா எல்லாச் சந்தைகளையும் பிடித்துவிடும் என்று பலரும் அஞ்சினர். இலங்கையில் சிறிய தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. எஞ்சியவை மலிவு விலையில் போட்டியிடாமல், நுட்பமான வேலைப்பாடு தேவைப்படும் உள்ளாடைகள், விளையாட்டு ஆடைகள் பக்கம் திரும்பின. பங்களாதேஷ் மலிவு விலையிலேயே போட்டியிட்டது. அதற்குக் கொடுத்த விலை என்ன என்பதை, 2013 ஏப்ரல் 24ஆம் திகதி ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் உயிரிழந்தபோது உலகம் கண்டது.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 1960இல் இலங்கையினதும் தென்கொரியாவினதும் தலா வருமானத்தில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. இன்று தென்கொரியாவினது 30,000 டொலருக்கும் மேல். நம்முடையது சுமார் 4,000 டொலர். இரு நாடுகளிலும் பெண்கள் ஆடை தைத்தார்கள். பிறகு எப்படி இந்த இடைவெளி?

கார்மண்டில் வேலை செய்யும் ராத்தாமார் தமது இயந்திரத்தை 'ஜூக்கி' என்பார்கள். அது ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் பெயர். தையல் வேலையைப் பிறருக்கு விட்டுக்கொடுத்த ஜப்பான், தைப்பவர்களுக்குத் தேவையான இயந்திரத்தைச் செய்து விற்கிறது. கொரியா கப்பலுக்கும் மின்னணுப் பொருட்களுக்கும் போனது. தையல் வேலை தம்மிடம் இருந்த காலத்திலேயே அடுத்த படிக்கான கல்வியையும் தொழில்நுட்பத்தையும் அந்த நாடுகள் தேடிக்கொண்டன. நாமோ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தைத்தும், துணியில் பெரும்பகுதியை இன்னும் இறக்குமதி செய்கிறோம்.

வேலையோ நம்மிடம் நிரந்தரமாக இருக்கப் போவதில்லை. இலங்கை நிறுவனங்களே எத்தியோப்பியாவிலும் கென்யாவிலும் தொழிற்சாலைகள் நடத்தியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை 2010இல் பறிபோய் 2017இல் திரும்பியது. 2025 ஏப்ரலில் ஐக்கிய அமெரிக்கா நமது பொருட்களுக்கு 44 வீத வரி அறிவித்து, ஆகஸ்டில் அதை 20 வீதமாகக் குறைத்தது. தொலைவில் எடுக்கப்படும் ஒரு முடிவு நம் கிராமத்துப் பெண்ணின் சம்பளத்தைத் தொடுகிறது. அந்த முடிவுகளை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் நாம் எந்த ஆயத்தத்தோடு அவற்றை எதிர்கொள்கிறோம் என்பது நம் கையில் உள்ளது.

கொரியாவின் தையல் ஆலைகளில் உழைத்த இளம் பெண்கள் பலர், தாம் படிக்காமல் அனுப்பிய பணத்தில் தம் சகோதரர்களைப் படிக்க வைத்தார்கள். நாடு உயர்ந்தது, அவர்களில் எத்தனையோ பேரின் படிப்பு இடையில் நின்றதோடு சரி. அந்த வளர்ச்சியில் நாம் பின்பற்றக் கூடாத பகுதி இதுவே. ஒரு ராத்தாவின் சம்பளத்தில் தம்பி மட்டுமன்றித் தங்கையும் படிக்க வேண்டும். அவள் துணித் தொழில்நுட்பமோ பொறியியலோ வடிவமைப்போ கற்க வேண்டும். ராத்தாவுக்கும் மேற்கொண்டு கற்க வழி இருக்க வேண்டும். தையல் இயந்திரம் நாளை வேறு நாட்டுக்குப் போகலாம். அதனால் கிடைத்த கல்வி நம்மோடு தங்குமாயின், அது வந்துபோனதில் நமக்கு நட்டமில்லை.