காடியும் காரீயமும்: துப்பாக்கி சைலன்சரைத் துலக்கும்போது கவனம்!

இன்று நாம் பேசப்போவது நம் வீடுகளில் இல்லாத ஒரு பொருளைப் பற்றி. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது இங்கே கடுங்குற்றம். ஆனால் அமெரிக்காவில் பல குடும்பங்களில் அது சாதாரணம். அங்கே சிலர் சமையலறை மேசையில் செய்யும் ஒரு துப்புரவு வேலை, நமக்கும் ஒரு பாடம் சொல்கிறது.

துப்பாக்கி சைலன்சர் திரைப்படத்தில் காட்டுவதுபோல் சத்தத்தை அறவே விழுங்கிவிடாது. ஏறக்குறைய 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும், அவ்வளவுதான். ஹைரம் பெர்சி மேக்சிம் என்ற அமெரிக்கர் இதற்கு 1909இல் காப்புரிமை பெற்றார். 1934இல் அந்நாட்டு அரசு 200 டாலர் வரி விதித்தது. 2026 ஜனவரியில் அந்த வரி நீங்கியது. எனவே இதைத் துலக்குவது எப்படி என்ற கேள்வியும் இனி அதிக வீடுகளில் எழும்.

சரி, ஏன் துலக்க வேண்டும்? '.22 ரிம்ஃபயர்' எனும் சிறிய தோட்டாவின் குண்டு பெரும்பாலும் வெறும் காரீயம். மேலே உறை இருக்காது. இருந்தாலும் மெல்லிய செம்புப் பூச்சுதான். சுடும்போது காரீயம் ஆவியாகவும் துகளாகவும் கிளம்பி, கரியோடு சேர்ந்து, சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புத் தட்டுகளில் படிகிறது. சில நூறு முறை சுட்டால் போதும், தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ரிம்ஃபயர் சைலன்சர்களைப் பெரும்பாலும் கழற்றிப் பூட்டும்படி செய்கிறார்கள்.

இங்கேதான் ஆபத்து நுழைகிறது. வெள்ளைக் காடியையும், அதாவது வினிகரையும், மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடையும் சம அளவில் கலந்து, தட்டுகளை அதில் ஊறப்போடுகிறார்கள் சிலர். காரீயம் கரைந்துவிடும், தட்டு பளபளக்கும். இரண்டுமே வீட்டுப் பொருள்கள்தானே, என்ன கெடுதல் என்று தோன்றும்.

காரீயம் எங்கே போயிற்று? அது மறையவில்லை. பெராக்சைடு அதை ஆக்சிகரணம் செய்ய, காடியின் அமிலம் அதோடு சேர்ந்து 'லெட் அசிடேட்' என்ற உப்பாகிறது. கட்டியாகக் கிடந்த காரீயம் தண்ணீரில் கரையும் நஞ்சாகிவிட்டது. தோல் வழியாகவும் அது ஓரளவு உடலில் ஏறும். அதன் சுவை இனிப்பு! திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் காய்ச்சி இனிப்பூட்டிய பண்டை ரோமானியர், இதைத்தான் அறியாமல் உண்டார்கள். முடிச்சாயத்தில் இது சேர்க்கப்பட்டு வந்தது. அதற்கான அனுமதியை விலக்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் முடிவெடுத்தது.

அந்தக் கிண்ணம் மேசையில் இருக்கும் வேளையில் ஒரு குழந்தை வந்து விரலை நனைத்தால்? இரத்தத்தில் காரீயம் இவ்வளவு இருந்தால் குழந்தைக்குத் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை. மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். கலவையைச் சாக்கடையில் கொட்டினாலோ நஞ்சு நீரில் கலக்கும். போதாக்குறைக்கு, அலுமினியத் தட்டுகளை இந்தக் கலவை அரித்தும் விடும்.

அப்படியானால் முறையான வழி என்ன? முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, சைலன்சரைக் கழற்ற வேண்டும். நைட்ரைல் கையுறை அவசியம். காற்றோட்டமான இடத்தில், சமையலுக்குப் பயன்படாத தனிப் பாத்திரத்தில், எண்ணெய் சார்ந்த துப்புரவுத் திரவத்தில் தட்டுகளை ஊறவைத்து, ஈரமாக இருக்கும்போதே தேய்க்க வேண்டும். உலர்ந்த நிலையில் சுரண்டினால் காரீயத் தூசி மூச்சில் ஏறும். காற்றழுத்தக் குழாயால் ஊதவே கூடாது. மண்ணெண்ணெயும் அசிட்டோனும் கலந்து வீட்டில் தயாரிக்கும் திரவங்கள் கரியை இளக்கும், காரீயத்தைக் கரைக்காது. ஆனால் எளிதில் தீப்பற்றும். தட்டுகளை மீண்டும் பழைய வரிசையிலேயே அடுக்க வேண்டும். தவறினால் குண்டு தட்டில் மோதும்.

கழிவையும் துடைத்த தாள்களையும் மூடிய கலத்தில் வைத்து, அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும்.

நம் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு, காரீயம் வேறு. ஆனால் புளிப்பு பட்டால் காரீயம் கரையும் என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும். பழைய சாயம், பற்றவைப்புக் கம்பி, மீன்பிடி ஈயக்குண்டு ஆகியவற்றிலும் காரீயம் இருக்கலாம். பளபளப்பாக்கியதோடு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். அழுக்கு எங்கே போயிற்று என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.