சாரத்தில் கட்டும் பச்சை வலை: எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

போடிநாயக்கனூர்க்காரர்களுக்குப் பச்சை வலையை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஏல நாற்றங்காலுக்கு அதுதான் பந்தல். 2024 கோடையில் இடுக்கி மலையில் ஏலச்செடிகள் வறட்சியில் கருகியபோது, மர நிழல் போதாத இடங்களில் தோட்டத்துக்கே வலை விரித்தவர்கள் உண்டு. அதே வலையை இப்போது ஊருக்குள் கட்டுகிற வீடுகளின் சாரத்திலும், மலைச்சரிவில் எழும்பும் தங்கும் விடுதிகளைச் சுற்றியும் பார்க்கிறோம். வெயிலைத் தடுக்கிற வலை தூசியையும் தடுத்துவிடும் என்ற நம்பிக்கையில் கட்டுகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் கட்டினால் காசு போகும், தூசி போகாது.

வலை ஒரு சல்லடை அல்ல. அதன் கண் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கிறது; சிமெண்ட் தூசியும் எம்-சாண்ட் மாவும் மைக்ரான் கணக்கில் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் மைக்ரான். அந்தக் கண் வழியே தூசி தாராளமாகப் போய்வரும். வலை செய்யும் வேலை வேறு: அது காற்றைத் தளர்த்துகிறது. வேகம் குறைந்த காற்றால் தூசியைச் சுமக்க முடியாது.

அதிலும் எந்தத் தூசி என்பதைப் பார்க்க வேண்டும். 100 மைக்ரான் அளவுள்ள மணல் துகள் அசையாத காற்றில் ஒரு மீட்டர் கீழே இறங்க இரண்டு மூன்று விநாடி போதும். 10 மைக்ரான் துகளுக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். 2.5 மைக்ரான் துகளுக்கோ அரை மணி நேரத்துக்கும் மேல். ஆகவே வலைக்குள் காற்று தளர்ந்ததும் பெருந்தூசி சாரத்தின் காலடியிலேயே விழுந்துவிடும். எதிர்வீட்டு மாடியில் காயும் துணி, பக்கத்துக் கடையின் கண்ணாடி, ஏலக்காய் தரம் பிரிக்கும் கிடங்கின் தரை இவற்றில் படிவது குறையும். நெஞ்சுக்கூட்டின் அடிவரை போகும் நுண்தூசி மட்டும் வலையைப் பொருட்படுத்தாமல் வெளியேறும். கண்ணுக்குத் தூசி தெரியவில்லை என்பதை வைத்து ஆபத்து இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அப்படியானால் தகரமே அடித்துவிடலாமே என்று தோன்றும். தரைமட்டத்தில் தகரம் நல்லதுதான். உயரத்தில் கதை வேறு. முழுக்க அடைத்த தடுப்பில் மோதும் காற்று மேலேறித் தாண்டி, மறுபக்கம் சுழன்று இறங்கும். அந்தச் சுழல் தரையில் கிடப்பதை வாரிக்கொண்டு கிளம்பும். ஏறத்தாழ பாதி திறந்திருக்கும் தடுப்பு, காற்றில் கொஞ்சத்தை உள்ளே விட்டு மீதியின் வேகத்தைக் கொல்லும். வயலோரம் சவுக்கு வரிசை வைத்துக் காற்றைத் தணிப்பவர்கள் செய்வதும் இதைத்தான். கடையில் 90 சதவீத நிழல் வலைதான் உசத்தி என்பார்கள். தோட்டத்துக்கு எவ்வளவு நிழல் வேண்டும் என்பது செடியைப் பொறுத்தது. கட்டடத்துக்கு 75 சதவீத வலையே பெரும்பாலும் போதும். காற்று பலமாக வீசும் இடத்தில் 50 சதவீதமும் சரிதான். அடர்த்தி கூடக்கூட அது வலையாக இல்லாமல் கப்பல் பாய் ஆகிவிடுகிறது.

போடியில் இந்தக் காற்றுக் கணக்கைத் தட்டிக்கழிக்க முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிப் போடிமெட்டுப் பக்கமிருந்து கீழே இறங்குகிறது. ஆனி, ஆடி மாதங்களில் மலைமேல் சேறு, அடிவாரத்தில் புழுதி. தோட்டப் பகுதியில் தூசிக்காலம் தையில் தொடங்கிச் சித்திரை வரை நீளும். அதாவது ஒரே காண்ட்ராக்டர் கீழே ஒரு வீடும் மேலே ஒரு விடுதியும் கட்டினால், இரண்டுக்கும் வலை அவசியமாகும் மாதங்கள் வேறு வேறு. கீழே ஆடிக்கு முன்பே வலையை இறுக்கிக் கட்டியாக வேண்டும். மேலே மழைக்காலத்தில் வலையைவிட, சிமெண்ட் கரைசல் சரிவில் ஓடாமல் வாய்க்கால் வெட்டி மடக்குவதுதான் முதல் வேலை.

காற்றின் பலத்தை எண்ணிக்கையில் சொன்னால் மேஸ்திரிக்கும் புரியும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, எதிர்ப்படும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 6 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 3 மீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமும் உள்ள அடர்ந்த வலை ஒன்றின்மேல் அது 150 கிலோவைத் தாண்டும். காற்றின் வேகம் இரட்டித்தால் சுமை நான்கு மடங்கு. சவுக்குக் கம்பில் கட்டிய சாரம் ஆளையும் கல்லையும் கீழ்நோக்கித் தாங்கக் கட்டப்பட்டது. பக்கவாட்டில் வரும் இந்த இழுப்புக்கு அல்ல. வலை கட்டுவதென்றால் ஒவ்வொரு தளத்திலும் சாரத்தைச் சுவரோடு பிணைத்திருக்க வேண்டும். வலையைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கம்பி, வலை பின்னிய பிளாஸ்டிக் நாடாவை அறுக்கும். ஒரு வாரக் காற்றில் ஓட்டை கிழிசலாகும். ஓரம் மடித்துத் தைத்து, வளையம் அடித்த வலையை நைலான் கயிற்றால் கட்டுவதே முறை. இரண்டு வலைகள் சேரும் இடத்தில் ஓர் அடியாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். அடி ஓரம் தரையைத் தொடட்டும். தரைக்கும் வலைக்கும் நடுவே இரண்டடி இடைவெளி விட்டுக் கட்டிய வலைகளை எங்கும் பார்க்கலாம். தூசி அதிகம் கிளம்புவதே அந்த இரண்டடியில்தான்.

இனி வெயில். இந்த வலைகள் ஹெச்.டி.பி.இ. என்ற பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கில் செய்தவை. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர், காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு, இந்தப் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக அறுக்கும். முதலில் நிறம் வெளிறும், பிறகு நாடா விறைக்கும், கடைசியில் நொறுங்கும். இதைத் தடுக்கத் தயாரிப்பின்போதே பாதுகாப்புப் பொருள் கலக்கிறார்கள். கறுப்பு வலையில் அந்த வேலையைச் செய்வது கார்பன் பிளாக் என்னும் கரித்தூள்; எடையில் 2 முதல் 2.5 சதவீதம் சேர்த்தால் போதும், கதிரை அதுவே விழுங்கிக்கொள்ளும். பச்சை வலையில் ஹால்ஸ் எனப்படும் அமீன் வகைப் பொருள்களைக் கலக்கிறார்கள். இவை எதுவும் சேர்க்காத மலிவு வலை நம் வெயிலில் ஓராண்டு தாங்காது. வீடு கட்டி முடியுமுன்னே வலை முடிந்துவிடும்.

மலைமேல் குளிர்கிறதே, அங்கே வலை கூடுதல் காலம் உழைக்கும் என்று எண்ணுவது தவறு. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். போடியைவிடப் போடிமெட்டு ஆயிரம் மீட்டர் போல உயரம். மஞ்சு மூடிய நாட்களை விட்டால், வலை மேலே சீக்கிரம்தான் சாகும்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. தோட்டத்தில் கழித்த வலை சும்மா கிடக்கிறதே என்று அதைச் சாரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஏலத்துக்கு மருந்து அடிக்காத தோட்டம் அரிது. அந்த மருந்து செடியோடு வலையிலும் படிந்திருக்கும். கந்தகமும் குளோரினும் உள்ள மருந்துகள் ஹால்ஸைச் செயலிழக்கச் செய்பவை. பார்க்கப் பச்சையாக இருக்கும் வலைக்கு உள்ளே காவல் இல்லாமல் போயிருக்கும். அதோடு, அந்த மருந்துப் படிவைக் கையாலும் முகத்தாலும் உரசிக்கொண்டு வேலை செய்பவர் சித்தாள். தோட்டத்து வலை தோட்டத்தோடு முடியட்டும்.

பழைய வலையோ புது வலையோ, சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஓரத்தில் ஒரு நாடாவை உருவி, நகத்தால் அழுத்தி ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடியுங்கள். நல்ல நாடாவில் வெள்ளைக்கோடு விழும், ஆனால் அறாது. இழுத்தால் நீண்டு கொடுக்கும். வெயில் தின்ற நாடா இரண்டாவது மடிப்பிலேயே முறியும், விரலில் பச்சை மாவு ஒட்டும். அந்த மாவும் பிளாஸ்டிக்தான். அது மண்ணில் விழுந்து, மழையில் ஓடிக் கொட்டக்குடி ஆற்றில் சேரும். தூசியைத் தடுக்கக் கட்டியதே தூசியாக உதிர்கிற நிலை அது. அதற்கு முன்பே வலையைக் கழற்றிவிட வேண்டும்.

வேலை செய்பவர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வலை அக்கம்பக்கத்தாரைக் காப்பது. உள்ளே நிற்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அதனால் தூசி குறையாது. காற்றோட்டம் மட்டுப்படுவதால் கூடவே செய்யும். கருங்கல்லையும் கிரானைட்டையும் டைல்ஸையும் மெஷினில் உலர்வாக அறுக்கும்போது பறக்கும் வெள்ளை மாவில் படிகச் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தழும்பாகத் தங்கிச் சிலிகோசிஸ் ஆகும். வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. அறுக்கும் தட்டின்மேல் மெல்லியதாகத் தண்ணீர் விட்டால் அந்தத் தூசியின் பெரும்பகுதி எழும்பும் முன்பே சகதியாகிவிடும். அதற்கு ஒரு பாட்டில், ஒரு குழாய் போதும். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது நுண்தூசிக்குத் தடையே அல்ல. என்-95 முகக்கவசம் வேண்டும். வலைக்குச் செலவழிக்கும் வீட்டுக்காரர் இந்த இரண்டுக்கும் கணக்குப் பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லியில் கட்டடம் கட்டுவோர் சாரத்தைத் தார்ப்பாயால் மூட வேண்டும் என்று உத்தரவிட்டது. 2018 ஜனவரியில் மத்திய அரசு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி, கட்டுமானத் தூசிக்கென்றே நிபந்தனைகள் சேர்த்தது. காற்றில் துகள் அளவு வரம்பைத் தாண்டிய நகரங்களில், கட்டடத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு, அதிகபட்சம் 10 மீட்டர் வரை, காற்றுத்தடுப்பு எழுப்ப வேண்டும். மாடி வீடு ஒன்று 7 மீட்டர் என்றால் தடுப்பு 2.3 மீட்டர், ஓர் ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வரம்பைத் தாண்டாத சிற்றூர்களுக்கும் பொருந்தும் பகுதி ஒன்று உண்டு: கட்டுமானப் பொருளைச் சாலையோரம் குவிக்கக் கூடாது, திறந்தவெளியில் அறுக்கவோ தேய்க்கவோ கூடாது, மூடாத வண்டியில் மணலோ இடிபாடோ ஏற்றக் கூடாது. தெருவில் கொட்டிய எம்-சாண்ட் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடினாலே நம் தெருக்களின் தூசியில் கணிசமானது அடங்கும்.

தூசி இந்த வட்டாரத்தில் புதிதாக எழுந்த கவலை அல்ல. பொட்டிப்புரம் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, எதிர்த்தவர்கள் முன்வைத்த கேள்விகளில் பாறை உடைக்கும் தூசியும் லாரிப் புழுதியும் இருந்தன. போடிமெட்டு – மூணாறு நெடுஞ்சாலை அகலப்படுத்தலுக்காக மலையை வெட்டியதையும் பார்த்தோம். அந்த அளவு வேலையில் வலை பேருக்குத்தான் உதவும். தண்ணீர் தெளிப்பும், வண்டிச் சக்கரம் கழுவுவதும், மண்ணை அன்றன்றே அகற்றுவதும்தான் வழி.

சரிவில் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலில் மலைச்சரிவு சூடேறிக் காற்று கீழிருந்து மேலே ஏறும். ஆகவே பகல் வேலையின் தூசி மேல்தோட்டத்துக்குப் போகும். பள்ளத்தைப் பார்த்த பக்கம் மட்டும் வலை கட்டுவது அரைவேலை. சிமெண்ட் தூசி கடும் காரத்தன்மை கொண்டது. பனி ஈரத்தில் இலைமேல் படிந்தால் ஏடாக இறுகி ஒளியை மறைக்கும். ஏலத்தின் பூங்கொத்து செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிப் படர்வது; மகரந்தம் சேர்க்கத் தேனீ அங்கேதான் இறங்க வேண்டும். சரிவில் வழியும் சிமெண்ட் நீர் முதலில் தொடுவதும் அந்த இடத்தைத்தான்.

தீயையும் மறக்க வேண்டாம். பாலிஎதிலீன் 130 டிகிரி அளவிலேயே உருகி, எரிந்துகொண்டே சொட்டும். 2025 நவம்பர் 26 அன்று ஹாங்காங்கின் தாய் போ பகுதியில் பழுதுபார்ப்பு நடந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் பற்றிய தீ 150-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தீத்தடுப்புத் தரம் இல்லாத சார வலைகள் அங்கே இருந்ததும், நுரைப்பலகைகள் சன்னல்களை மூடியிருந்ததும் விசாரணையில் வெளிவந்தன. கிரில் வெல்டிங் நடக்கும் நாளில் அந்தப் பக்கத்து வலையை அவிழ்த்துவிட்டு, பக்கத்தில் தண்ணீர் வாளி வைத்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது இதுதான். நிழல் சதவீதத்தை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். நாடாவைத் தட்டையாக இழுத்து மெல்லியதாக்கினாலும் அதே சதவீதம் காட்டலாம். எடையைக் கேளுங்கள். 3 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளச் சுருள் 150 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 100 கிராம் என்று விற்றால் சுருள் 15 கிலோ இருக்க வேண்டும். ஏலக்காய் ஊரில் தராசுக்குப் பஞ்சமில்லை, நிறுத்துப் பார்த்தே வாங்குங்கள். நிழல் வலைக்கு ஐ.எஸ். 16008 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அந்த எண்ணைக் கேளுங்கள். வெயிலுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையும் எடையையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.