விடையும் வழியும்

x² − 10,00,000x + 1 = 0 என்னும் இருபடிச் சமன்பாட்டை, பள்ளியில் கற்ற வாய்பாட்டின்படி, ஒவ்வொரு படியிலும் பத்து இலக்கங்களுக்கு முழுமையாக்கித் தீர்த்துப் பாருங்கள். சிறிய மூலம் சுழி என வரும். உண்மையில் அது ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஏறக்குறையச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது, நாம் விட்டுவிட்ட இலக்கங்களோடு விடையும் போய்விடுகிறது.

கணிப்பொறியிலும் இத்தகைய பிழை நேரும். விலைக்கு வாங்கும் மென்பொருள் பலவற்றில் விடை மட்டுமே தெரியும், வழி தெரியாது.

1996-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த மார்க் கலாசி, ஜேம்ஸ் தீலர் என்னும் இருவர் 'குனு அறிவியல் நூலகம்' என்ற கணித நிரல் தொகுப்பைத் தொடங்கினர். இது கட்டற்ற மென்பொருள். இதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். திருத்தி வெளியிடுவோர் அதே உரிமையைப் பிறருக்கும் அளிக்க வேண்டும்.

இருபடிச் சமன்பாட்டுக்கான நிரலைத் திறந்து பார்த்தால் உண்மை விளங்கும். முதலில் பெரிய மூலத்தைக் காண்கிறது. நம் கணக்கில், 1-ஐ அதனால் வகுத்தால் சிறிய மூலம் கிடைத்துவிடும். ஆபத்தான அந்தக் கழித்தலுக்கு இடமே இல்லை.

மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸ்ஸி திட்டம் கட்டற்ற மென்பொருள்களைக் கல்லூரிகளில் பரப்பி வருகிறது. திருவேங்கடம் போன்ற சிறிய ஊர்களின் மாணவரும் இவற்றைச் செலவின்றிப் பெறலாம். அதனினும் பெரிய பயன், விடையை நம்புமுன் வழியைச் சரிபார்க்கலாம் என்பதே.