கூலரும் கொசுவும்

தில்லியில் 1996-ஆம் ஆண்டு டெங்குக் காய்ச்சல் 10,000 பேருக்கு மேல் பற்றி, 423 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதன்று. வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரே அதற்குத் தொட்டில். ஆகவே எல்லாப் பழியையும் மாநகராட்சியின் தலையில் போட்டுவிட்டு நாம் படுத்துக்கொள்ள இயலாது.

இவ்வூர்க் கோடைக்கு அஞ்சி வந்த ஆண்டிலேயே நாம் வாங்கி மாட்டும் கூலர் இருக்கிறதே, அதன் அடித்தொட்டி இக்கொசுவுக்கு மிக உகந்த இடம். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரப்பக்கத்தில் அது முட்டையிடுகிறது. முட்டை பல மாதம் காய்ந்து கிடந்தாலும் சாவதில்லை. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பக்கங்களைத் தேய்த்துக் கழுவவேண்டும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 8 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒருமுறை என்னும் கணக்கு இதனால் வந்ததே.

மாநகராட்சி ஊழியர் வீடு வீடாகச் சென்று இத்தொட்டிகளைச் சோதிக்கிறார்கள். புழு கண்டால் நோட்டீசு தருகிறார்கள். விடுதியிலோ பகலில் பாதி அறைகள் பூட்டியிருக்கும். மீதி அறைகளில் ‘பரீட்சை’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். புகை அடிக்கும் வண்டி வந்தால் மட்டும் சன்னலில் கூடி நின்று மகிழ்கிறோம்! புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தொட்டிப் புழுவைத் தொடாது.

மழைக்குப் பின், செப்டம்பர் முதல் நவம்பர் வரையே இங்கு நோய் மிகும் காலம். தீபாவளிக்கு ஊர் செல்லும் நண்பர்கள் தொட்டியைத் தேய்த்துக் காயவைத்துவிட்டு ரயிலேறுவார்களாக.