தாத்தாவின் கடிகாரம் தங்கமா, முலாமா?

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், கச்சிராயபாளையம் எனக் கல்வராயன் மலையடிவாரத்தில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பழைய வீட்டுப் பெட்டிகளில் ஓடாத கைக்கடிகாரம் ஒன்று கிடக்கக்கூடும். திருமணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரத்துடன் கைக்கடிகாரமும் போடுவது தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கமல்லவா? பொன்னிறமாக மின்னும் அதை நகைக்கடையில் எடைக்குப் போடலாமா? பாலிஷ் செய்து கட்டிக்கொள்ளலாமா? இரண்டில் எதைச் செய்வதானாலும், அது எதனால் ஆனது என்பதை முதலில் அறிய வேண்டும். உருக்கிய கடிகாரம் திரும்பி வராது.

மூன்று வகைப் பொன்

சுத்தத் தங்கம் மிக மென்மையானது. அதில் செய்த கடிகார உறை எளிதில் நசுங்கும். எனவே செம்பும் வெள்ளியும் கலக்கிறார்கள். செம்பின் அணு தங்கத்தின் அணுவைவிடச் சிறியது. அது இடையில் புகுந்து தங்க அணுக்களின் ஒழுங்கான அடுக்குகளைச் சற்றே குலைப்பதால், அவை ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்குவதில்லை, உலோகம் கடினமாகிறது. ஆயிரம் பங்கில் 750 பங்கு தங்கம் இருந்தால் 18 காரட். 585 பங்கு இருந்தால் 14 காரட். இது முதல் வகை.

இரண்டாவது வகையில், பித்தளைமீது மெல்லிய தங்கத் தகட்டை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒட்டவைப்பார்கள். மூன்றாவது மின்முலாம். இதன் கனம் பெரும்பாலும் 10 அல்லது 20 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் எழுதும் தாளின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரான் என்றால், முலாம் எவ்வளவு மெல்லியது என்று எண்ணிப் பாருங்கள்!

முத்திரை சொல்லும் செய்தி

கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பூதக்கண்ணாடியால் உட்புறத்தை நோக்குங்கள். 1880-இல் சுவிட்சர்லாந்து இயற்றிய சட்டத்தின்படி, 18 காரட் உறைக்கு ஒரு பெண்ணின் தலையும், 14 காரட் உறைக்கு ஓர் அணிலும் அரசு முத்திரைகளாயின. 1995 முதல் அங்கு நாயின் தலை முத்திரையாக உள்ளது. முலாம் பூசிய கடிகாரத்திலோ மைக்ரான் அளவு பொறிக்கப்பட்டிருக்கலாம். பின்மூடி எஃகாக இருக்கும்.

முத்திரை தேய்ந்திருந்தால் என்ன செய்வது? இயந்திரம், கண்ணாடி, சாவி எல்லாவற்றையும் கழற்றிய வெற்று உறையை ஆர்க்கிமிடீஸ் வழியில் சோதிக்கலாம். 10 கிராம் எடையுள்ள 18 காரட் உறை, நீரில் மூழ்கும்போது சுமார் 0.65 கிராம் எடை இழக்கும். அதே எடையுள்ள பித்தளை உறை ஏறக்குறைய 1.2 கிராம் இழக்கும். தங்கத்தின் அடர்த்தி மிகுதி என்பதே காரணம். முழுக் கடிகாரத்தை மட்டும் நீரில் இட்டுவிடாதீர்கள்!

நகைப் பரிசோதனைக் கூடங்களில் எக்ஸ் கதிர்க் கருவி உண்டு. ஆனால் அது மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்தையே காணும். கனத்த முலாம் அதை ஏமாற்றிவிடலாம்.

எடையா, அரிய பொருளா?

மேற்சொன்ன 10 கிராம் உறையில் உள்ள தங்கம் 7.5 கிராம். எடைக்குப் போட்டால் அதற்கு மட்டுமே விலை. உள்ளிருக்கும் இயந்திரத்துக்கும், அதைச் செய்தவர் பெயருக்கும், வயதுக்கும் மதிப்பில்லை. சேகரிப்போர் தேடுவதோ இவற்றையே. 1980 ஜனவரியில் தங்க விலை அவுன்சுக்கு 850 டாலர் வரை ஏறியபோது, உலகெங்கும் பழைய தங்கக் கடிகார உறைகள் பல உருக்கப்பட்டன. தங்கக் கடிகாரம் அரிதாவதற்குத் தங்கமே காரணமாகிறது.

பாலிஷும் பகைதான். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் உலோகம் போகிறது. முத்திரை மங்கும், விளிம்புகள் மழுங்கும், முலாமாயின் பித்தளை பல்லிளிக்கும். புதிதாக வர்ணம் பூசிய டயலைவிட, மங்கிய பழைய டயலையே சேகரிப்போர் விரும்புகின்றனர்.

முலாம்தான் என்று தெரிந்தாலும் எறிந்துவிட வேண்டாம். 1961-இல் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது. அந்தக் கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. அதன் சாவி கொடுக்கும் கடிகாரங்களையும் இன்று பலர் தேடிச் சேர்க்கின்றனர்.

எனவே, பெட்டியில் கடிகாரம் கிடைத்தால் உடனே சாவி கொடுக்காதீர்கள். உள்ளே எண்ணெய் உலர்ந்திருக்கும். தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் மலைப்பக்கத்து மழைக்கால ஈரம் உள்ளிருக்கும் எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெய் போட்டுச் சுத்தம் செய்யக் கொடுங்கள். முத்திரையையும் எண்ணையும் நோட்டில் குறியுங்கள். யார், எந்தத் திருமணத்தில் அணிந்தது என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டு அதையும் எழுதுங்கள். விற்பதா வைத்திருப்பதா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.